சீல் வைத்த காது மிஷின்

ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு நாள் இருக்கும்போது அந்தக் கணவனும் மனைவியும் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். கீழே சாலை முழுக்கக் காவடிக் கூட்டம். பம்பைச் சத்தத்தில் அந்த அம்மா பேசுவது காதில் விழாமல், நான் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். சாத்தியும் பெரிய பலனில்லை. கணவர் மட்டும் எந்தத் தொந்தரவும் இல்லாதவராக உட்கார்ந்து, நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை. மடியில் ஒரு சின்ன டப்பாவை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார்.

"இவருக்குக் காது கேக்காதும்மா. மிஷின் வாங்கினோம், அது கெட்டுப்போச்சு. கடைக்காரன் முடியாதுன்றான். உங்களாண்ட வந்தா எழுதித் தருவீங்கன்னு சொன்னாங்க" என்றார் மனைவி.

எங்கள் அலுவலகம் என்றால் ஒரே அறைதான். திருத்தணி பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே. நுகர்வோர் பாதுகாப்பு என்று வெளியே போர்டு. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர்தான் செயலாளர். நாங்கள் எல்லோரும் அவரை சார் என்போம். நாங்கள் என்றால் நானும், வாரம் இருமுறை வந்துபோகும் ஒரு வக்கீலும். நான் கே.ஜி.கண்டிகையிலிருந்து காலை பஸ்ஸில் வந்து, வருகிறவர்கள் சொல்வதைக் கேட்டு, மனுவாக டைப் செய்து கொடுப்பேன். பி.காம். முடித்து, கல்யாணமாகி, கல்யாணம் நிலைக்காமல் பிறந்த வீட்டுக்குத் திரும்பிய பிறகு எனக்குக் கிடைத்த முதல் வேலை அது.

அந்த வேலையை நான் மிகவும் விரும்பினேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலும் ஒரு கடிதத்திலேயே காரியம் முடிந்துவிடும். வாங்கிய மூன்றாம் நாள் புகைந்துபோன மிக்ஸிக்காக ஒருமுறை எழுதினோம். கடிதம் போன மறுநாளே கடைக்காரர் புது மிக்ஸியைத் தோளில் தூக்கிக்கொண்டு எங்கள் மாடிப்படி ஏறி வந்து, மேசைமேல் வைத்துவிட்டு இறங்கிப் போனார். அதுபோன்ற நாள்களில் நான் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காவிட்டாலும் உற்சாகமாக இருப்பேன். சொல்லத் தெரியாதவர்களுக்காக நான் சொல்கிறேன், எழுத்தில் இருப்பதை யாரும் தட்டிக்கழிக்க முடியாது என்று ஒரு மிதப்பு எனக்கு இருந்தது.

வந்த இருவரும் அம்மையார்குப்பத்துக்காரர்கள். கணவர் முப்பது வருடமாக விசைத்தறி ஓட்டுகிறவர். சொந்தத் தறி இல்லை, கூலிக்கு. மனைவிதான் எல்லாவற்றையும் சொன்னார்.

"ஷெட்டுல இருக்கும்போது காது போனதே தெரிலம்மா. அங்க யாரும் காதால பேசறதில்ல. அந்தச் சத்தத்துல இன்னா கேக்கும்? வாயப் பாத்து, கையப் பாத்துத்தான் பேசிக்குவாங்க. வூட்டுல நான் பின்னாடி நின்னுகினு கூப்டா இவரு திரும்ப மாட்டாரு. என்னமோ எம்மேல கோவம்னு நெனச்சிகினு ஒரு வருசம் ஓட்டிட்டேன்."

மகள் நகரியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தினமும் சாயங்காலம் போன் செய்வாள். அவளிடம் இவர் ஆங், ஆங் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை மனைவியிடம் கொடுத்துவிடுவார். நைனா நான் பேசறதே கேக்கறதில்ல என்று மகள் ஒருநாள் அழுத பிறகுதான் இவர்களுக்கு விஷயம் பிடிபட்டிருக்கிறது. அந்தச் சமயத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவசக் காதுப் பரிசோதனை முகாம் நடந்தது. பரிசோதனை இலவசம். மிஷின் இலவசமில்லை. முகாம் நடத்திய கடையிலேயே இரண்டு காதுக்கும் சேர்த்து ஒரு செட்டாக வாங்கினார்கள்.

"மொத நாளு சமையல்கட்டாண்ட வந்து நின்னுகினு, இன்னா சத்தம் இதுன்னு கேட்டாரு. கொழம்பு கொதிக்குது, அதான்னேன். அப்டியே நின்னு கேட்டுகினு இருந்தாரு" என்று சொல்லும்போது அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. நாங்கள் எதற்குச் சிரிக்கிறோம் என்று அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

நாலு மாதம் நன்றாகப் போயிருக்கிறது. பிறகு விசில் அடிக்க ஆரம்பித்தது. அடுத்து இடது காது மிஷின் அடியோடு நின்றுபோனது. வலது காது மட்டும் அப்பப்போ விசில் அடித்துக்கொண்டு வேலை செய்தது. கடைக்குப் போனால், உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, அதற்கு கேரண்டி கிடையாது என்றார்கள்.

"நான் காதுல தண்ணியா ஊத்திகினேன்?" என்றார் அவர் திடீரென்று, அறைக்குப் பொருந்தாத பெரிய குரலில். "வேர்வைதான். தறி ஓட்டறவனுக்கு வேர்க்காதா?"

அன்றே கடிதம் டைப் செய்தேன்.

பத்து நாளில் கடையின் மேலாளர் நேரில் வந்தார். என் வயதுதான் இருக்கும். மரியாதையாகத்தான் பேசினார். பழைய செட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, புதியதைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்ளட்டும், இன்றைக்கே வேண்டுமானாலும் வரட்டும் என்றார். சார் யோசித்தார். கணவனும் மனைவியும் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நான் அப்போது கேரண்டி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். என்னவோ தோன்றி, மிஷினின் பின்புறத்தைச் செல்போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். அட்டையில் ஒரு நம்பர். மிஷினில் வேறு நம்பர்.

அந்தக் கணம் எனக்கு எப்படி இருந்தது என்பது இன்னும் நினைவிருக்கிறது. உடம்பெல்லாம் ஒரு சூடு. போனை மேலாளர் பக்கம் திருப்பினேன்.

"இது புதுசு இல்லங்க. வேற யாருக்கோ போட்டுக் காட்டின மிஷின இவங்களுக்குப் புதுசுன்னு வித்திருக்கீங்க."

அவர் முகம் மாறிவிட்டது. தலைமை அலுவலகத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து போய்விட்டார்.

அவர் போனதும் அந்த அம்மா என் பக்கம் வந்து கேட்டார். "பாதி விலைன்னா வாங்கிக்கலாமாம்மா? ஒரு சீட்டு இருக்குது, எடுத்துடலாம். இவரு நாளைக்கே தறிக்குப் போணும்."

"வேணாங்க்கா" என்றேன். "உங்கள ஏமாத்தியிருக்காங்க. நம்ம கையில ஆதாரம் இருக்குது. கேஸ் போட்டா முழுசா வரும். இத வுடவே கூடாது."

சார் என்னைப் பார்த்தார். அவங்களுக்கு எது வசதியோ அப்படிச் செய்யட்டும்மா என்று மெதுவாகச் சொன்னார். நான் அதைக் காதில் வாங்கவில்லை. நான் சொன்னதை மனைவி நிறுத்தி நிறுத்திக் கணவனிடம் சொன்னார். அவர் அந்த உதடுகளைப் படித்து முடித்து என்னைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"படிச்ச பொண்ணு சொல்லுது. போட்டுடலாம்."

இப்படித்தான் வழக்கு திருவள்ளூருக்குப் போனது. எங்கள் வக்கீல் அன்றைக்கு வேறு கோர்ட்டில் இருந்தால் நான் கூடப் போவேன். திருத்தணியில் மின்சார ரயில் ஏறி, அரக்கோணம் தாண்டி, மணவூர் தாண்டிப் போய் இறங்குவோம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் எங்களிடம் யாரும் முகம் சுளித்துப் பேசியதில்லை. கட்டணத்துக்கும் கெடுபிடி இல்லை. அவருக்குக் காது கேட்காது என்று தெரிந்து, முன் வரிசையில் உட்காரச் சொன்னார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவது வாய்தாவில் கடைத் தரப்பு வக்கீல், நம்பர் மாறியதற்குப் புகார்தாரரே காரணமாக இருக்கலாம், தண்ணீர் போனதா இல்லையா என்பதையும் ஒரு நிபுணர்தான் சொல்ல வேண்டும், ஆகவே கருவியை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டார். எங்கள் வக்கீலும் சரி என்றார். ஆய்வறிக்கை வந்தால் நமக்குத்தான் பலம் என்று என்னிடம் சொன்னார். எனக்கும் அது நியாயமாகப்பட்டது.

கருவியை ஒப்படைக்கும் அன்று அவர் டப்பாவிலிருந்து இடது காது மிஷினை எடுத்துக் கொடுத்தார். அலுவலர் இன்னொன்று எங்கே என்றார்.

"அது கேக்குது சார். இவரு காதுல போட்டுகினு இருக்காரு" என்றார் மனைவி.

"செட்டா வாங்கினதுதானேம்மா. செட்டாத்தான் அனுப்பணும். பாதிய அனுப்பினா அறிக்கை செல்லாது."

மனைவி என்னைப் பார்த்தார். குடுத்துடுங்க்கா, ரெண்டு மாசம்தான் என்றேன். கணவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. வலது காதிலிருந்து மிஷினைக் கழற்றினார். வேட்டி முனையால் துடைத்தார். மேசைமேல் இடது காது மிஷின் பக்கத்தில் வைத்தார். அலுவலர் இரண்டையும் ஒரு துணிப்பையில் போட்டுத் தைத்து, மெழுகு உருக்கிச் சீல் வைத்தார். சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன்.

திரும்பும் ரயிலில் ஏதோ ஒரு ஸ்டேஷனில் எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு வெகுநேரம் நிறுத்திவிட்டார்கள். மனைவி வேர்க்கடலை வாங்கினார். நான் கணவரிடம், நம்ம பக்கம்தான் தீர்ப்பு வரும் பாருங்க என்றேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்ததால் நான் பேசியதே அவருக்குத் தெரியவில்லை. தோளைத் தொட்டுத் திரும்பச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

இரண்டு மாதம் என்று நான் சொன்னது எதை வைத்து என்று எனக்கே தெரியாது. முதலில் அனுப்பிய இடத்தில், இந்த வகைக் கருவியைச் சோதிக்க எங்களிடம் வசதி இல்லை என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள். வேறு இடம் தேடி அனுப்ப வேண்டியிருந்தது. கடைத் தரப்பு வாய்தா கேட்டது. ஒருமுறை எங்கள் வக்கீலே உடம்பு சரியில்லாமல் கேட்டார். யாரும் வேண்டுமென்று எதையும் செய்யவில்லை. காரணம் ஒவ்வொன்றையும் தனியாகக் கேட்டால் சரியாகத்தான் இருந்தது. ஒரு ஆடிக் கிருத்திகை போய் அடுத்ததும் வந்துவிட்டது.

இடையில் ஒரு பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்து வாங்க நான் அம்மையார்குப்பம் போனேன். ஆர்.கே.பேட்டை பஸ்ஸை விட்டு இறங்கியதுமே தறிச் சத்தம். தெருவில் நடந்துபோனால் வீட்டுக்கு வீடு அதே சத்தம் கைமாறிக் கைமாறி வருகிறது. அவர்கள் வீட்டில் எனக்கு டீ போட்டுக் கொடுத்தார்கள். அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது ஸ்டூல்மேல் போன் அடித்தது. அவர் பக்கத்தில்தான் இருந்தது. வெளிச்சம் வந்ததைப் பார்த்து எடுத்தார். மகளின் பெயரைப் பார்த்தார். போனை அப்படியே மனைவி பக்கம் நீட்டிவிட்டு மறுபடி பேனாவைப் பிடித்தார்.

"வீடியோவுல பேச வேண்டியதுதானேக்கா" என்றேன்.

"பேசினோம்மா. மூஞ்சி நின்னு நின்னு வருது. வாய் ஒரு பக்கம் போவுது, பேச்சு ஒரு பக்கம் போவுது. இவருக்கு ஒண்ணும் புரியாம தலைவலி வந்துடுது. வேணாம்னுட்டாரு."

பிறகு குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தத் தேவையில்லை என்று இருவருக்கும் தெரியும்.

"முன்னெல்லாம் நான் பேசினா மொகத்தப் பாப்பாரு. இப்ப பாக்கறதுகூட இல்ல. சாப்புடு, தூங்கு, அவ்ளோதான். அந்த ஒரு மிஷினாவது இருந்திருந்தா..."

நான் பத்திரத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அடுத்த வாய்தாவில் அறிக்கை வந்துவிடும்க்கா என்று சொல்லிக் கிளம்பினேன்.

அறிக்கை வந்தது. நான் நினைத்தது சரிதான். மிஷின் பழையது, உள்ளே இருந்த பாகம் முன்பே ஒருமுறை மாற்றப்பட்டது. தண்ணீர் அல்ல காரணம். தீர்ப்பு முழுக்க எங்கள் பக்கம். புதிய செட் தர வேண்டும், அலைக்கழித்ததற்கு இழப்பீடும் தர வேண்டும். கடை மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. சொன்ன கெடுவுக்குள் இரண்டையும் கொடுக்கச் சம்மதித்துக் கடிதம் அனுப்பியது. சார் ஜெராக்ஸ் கடைக்காரருக்கும் சேர்த்து ஜிலேபி வாங்கி வரச் சொன்னார். நான் சாப்பிட்டேன்.

புது மிஷினைப் பொருத்தும் அன்று நானும் கடைக்குப் போனேன். பழைய மேலாளர் இல்லை. சென்னையிலிருந்து பயிற்சி பெற்ற ஒரு பெண் வந்திருந்தாள். அவருடைய காதுக்கு அச்சு எடுத்து, கம்ப்யூட்டரில் அளவு பார்த்து, பொறுமையாகத்தான் செய்தாள். உண்மையிலேயே புதிய, நல்ல மிஷின். நானே நம்பரைச் சரிபார்த்தேன். மாட்டிவிட்டு, அவர் முதுகுப் பக்கம் போய் நின்று, ஐயா நான் பேசறது கேக்குதுங்களா என்றாள்.

அவர் உடனே திரும்பினார். மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

"கேக்குது" என்றார் அவர்.

"நான் இன்னா சொன்னேன்?"

அவர் யோசித்தார். மறுபடி சொல்லச் சொன்னார். அவள் மறுபடி சொன்னாள். மூன்றாம் முறை, உங்க பேர் என்ன, உங்க ஊர் எது என்று சின்னச் சின்னதாகக் கேட்டாள். அவர் தலையை ஆட்டினார்.

"சத்தம் வருதும்மா. பேச்சு வரல. எல்லாம் ஒண்ணா கேக்குது, ஷெட்டுல கேக்கற மாரி."

அந்தப் பெண் என்னென்னவோ அளவுகளை மாற்றிப் பார்த்தாள். நாலு தடவை வரச் சொன்னாள். நாலு தடவையும் போனார்கள். கடைசியில் அவளே, ஒருமுறை அரசு மருத்துவமனையில் காட்டிப் பாருங்கள் என்றாள்.

அங்கிருந்த டாக்டர் புதிதாக ஒரு பரிசோதனை செய்து, முகாமில் கொடுத்த பழைய சீட்டையும் புதிய சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நானும் உடனிருந்தேன்.

"நரம்பு ரொம்பத் தளர்ந்துடுச்சு. பேச்சே கேக்காம ரொம்ப நாள் வுட்டுட்டா, அப்புறம் சத்தம் போய்ச் சேர்ந்தாலும் வார்த்தை புரியறது கஷ்டம். இதுக்கு நடுவுல ஏன் ஒண்ணும் போடாம இருந்தீங்க?"

"கேசு நடந்துகினு இருந்துதுங்க" என்றார் மனைவி.

"கேஸ் நடந்தா நடக்கட்டும். இங்க வந்திருந்தா இலவசமா ஒண்ணு குடுத்திருப்போமே. சுமாராத்தான் இருக்கும். ஆனா காது சும்மா இருந்திருக்காது."

என்னால் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. எங்கள் அலுவலகத்தில் இருந்த ஒருவருக்குக்கூட அது தோன்றவில்லை. எதிர்தரப்பு, ஆதாரம், அறிக்கை, வாய்தா எல்லாம் எனக்கு மனப்பாடம். அந்த மனிதர் அதுவரை எதை வைத்துக் கேட்பார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. முதலிலேயே அந்தப் பாதி விலை மிஷினை வாங்கியிருந்தால் அவர் மறுநாளிலிருந்து மகளோடு பேசியிருப்பார்.

பஸ் நிலையத்தில் மூன்று பேரும் நின்றிருந்தோம். நான் சொல்ல நினைத்ததைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. கடைசியில் கீழே பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"என்னாலதாங்க எல்லாம். என்ன மன்னிச்சிடுங்க."

தலை குனிந்திருந்ததால் அவரால் என் உதட்டைப் பார்க்க முடியவில்லை. மனைவி பக்கம் திரும்பினார்.

"இன்னா சொல்லுது?"

அந்த அம்மா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். கோபம் என்று சொல்ல முடியாது. இரக்கம் என்றும் சொல்ல முடியாது.

"நம்ம பஸ்ஸு எப்பன்னு கேக்குது" என்று அவர் முகத்துக்கு நேராக, நிதானமாகச் சொன்னார்.

"ஆங்" என்றார் அவர் என்னைப் பார்த்து, பக்கத்தில் நின்றவர்கள் திரும்பும் அளவுக்குச் சத்தமாக. "அஞ்சு மணிக்கும்மா. நீ போ, உனக்கு நேரமாவுது."

அந்த மாதம் ஒரு கல்லூரியில் நுகர்வோர் விழிப்புணர்வுக் கூட்டம் இருந்தது. எங்கள் மூலம் தீர்ந்த வழக்குகளை ஒரு பக்கத்தில் டைப் செய்து தரச் சொன்னார் சார். அதில் இதையும் சேர்த்தேன். புகார்தாரருக்குப் புதிய கருவியும் இழப்பீடும் பெற்றுத் தரப்பட்டன என்று எழுதினேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அச்சான தாளை மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். சிலர் அதை மடித்து விசிறிக்கொண்டார்கள்.

இன்னமும் அங்கேதான் வேலை செய்கிறேன். வேறு வேலை தேடவில்லை என்று சொல்ல மாட்டேன், கிடைக்கவில்லை. வருகிறவர்களிடம் இப்போதெல்லாம், இந்தப் பொருள் கையில் இல்லாமல் எவ்வளவு நாள் சமாளிப்பீர்கள் என்று முதலில் கேட்கிறேன். நிறையப் பேருக்கு அது பிடிப்பதில்லை. கடைக்காரன் பக்கம் பேசுகிறேன் என்று ஒருவர் சாரிடமே புகார் சொன்னார். ஏமாற்றியவனை விடக்கூடாது என்ற சூட்டோடு படியேறி வருகிறவர்களிடம் நான் எதைச் சொல்லியும் ஏறுவதில்லை. எனக்கு அந்தச் சூடு தெரியும்.

போன மாதம் அந்த அம்மா தனியாக வந்தார். புது மிஷினை வேறு யாருக்காவது கொடுக்க முடியுமா என்று கேட்டார். அளவை மாற்றிக் கொடுக்கலாம், ஆனால் அச்சு புதிதாக எடுக்க வேண்டும், செலவாகும் என்றேன். சரி, இருக்கட்டும் என்று பையில் வைத்துக்கொண்டார்.

"அவரு எப்படிக்கா இருக்காரு?"

"தறிக்குப் போறாரு. டாக்டரு போவாதன்னாரு. இன்னா பண்றது, வூட்ல உக்காந்தா கூலி யாரு குடுப்பா? அங்க போனா நாலு பேரு வாயப் பாத்துப் பேசறாங்க. வூட்டுக்கு வந்தா எங்கிட்டதான் பேச்சில்ல."

மகளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்திருக்கிறது, அடுத்த வாரம் நகரிக்குப் போகிறோம் என்றார். ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். எதிர் பெஞ்சில், கூலிங் ஆகாத ஒரு பிரிட்ஜின் பில்லோடு இரண்டு பேர் காத்திருந்தார்கள். அந்த அம்மா அவர்களுக்கு இடம்விட்டு எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். நான் பிரிட்ஜ் பில்லை வாங்கிப் படிக்க ஆரம்பித்தேன்.